கோடை இடிமழைக் காற்றில் வாழை சாயாமல் இருக்க

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், கம்பம், சத்தியமங்கலம் பக்கம், மார்ச் கடைசி முதல் மே வரை குலை தள்ளிய வாழைக்கு எதிரி மழையல்ல, அதற்கு முன் வரும் காற்று. மதியத்துக்கு மேல் மலையில் திரளும் மேகத்திலிருந்து விழும் மழை, வறண்ட காற்றில் பாதியிலேயே ஆவியாகும். அதில் குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கித் தரையில் மோதி, சமவெளிக்குப் பரவும். ஒரு சொட்டு மழை விழாத தோட்டமும் சாய்வது இதனால்தான்.

குலை தள்ளியதுமே முட்டுக் கொடுங்கள். ஒற்றைக் கம்பு, காற்று பக்கவாட்டில் திரும்பினால் நழுவிவிடும். இரண்டு சவுக்குக் கம்புகளை மேல்முனையில் கத்தரிபோல் கட்டி, மரம் சாயும் பக்கத்தில், குலைக்காம்பு வெளிவரும் கழுத்துக்குக் கீழே பொருத்துங்கள். அடிமுனைகளை மண்ணில் நன்றாக ஊன்ற வேண்டும். மெல்லிய நைலான் கயிறு தண்டை அறுக்கும். அகலமான பட்டைக்கயிறே நல்லது. அடிமரத்துக்கு மண் அணையுங்கள். இடிமழை எச்சரிக்கை உள்ள நாளில் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம்: ஈர மண்ணில் வேர்ப்பிடி தளர்ந்து மரம் கிழங்கோடு பெயரும். வரப்போரம் அகத்தி, சவுக்கு நடுவது நல்ல யோசனைதான், ஆனால் இந்தக் கோடைக்கு உதவாது.

புழுதியோடு திடீரெனக் குளிர்காற்று வந்தால் அவகாசம் சில நிமிடம்தான். அப்போது கம்பு ஊன்றப் போகாதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே தோட்டத்தில் இறங்குங்கள்.