பெரிய அணி, சிறிய ரேம்: நம்பையில் நினைவகத்துக்குள் அடக்குவது எப்படி?

பைத்தானில் நம்பை (NumPy) என்ற எண்கணக்கு நூலகத்தை வைத்து, அணி (array) எனும் எண் அட்டவணையில் கணக்குப் போடும்போது ‘மெமரி எரர்’ வந்து புரோகிராம் நின்றுவிட்டதா? கூடுதல் ரேம் வாங்குவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

படி 1: பெருக்கிப் பாருங்கள்

அணியில் 50,000 வரிசை, 50,000 நெடுவரிசை என்றால் 250 கோடி எண்கள். நம்பை தசம எண்களுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஃப்ளோட்64 வகையில் ஓர் எண்ணுக்கு 8 பைட். ஆக 20 ஜிபி. 16 ஜிபி ரேமில் இது எப்படியும் அடங்காது. கையில் இருக்கும் அணியின் அளவை ‘என்பைட்ஸ்’ (nbytes) பைட் கணக்கில் சொல்லிவிடும்.

படி 2: எண் வகையைச் சுருக்குங்கள்

ஃப்ளோட்32-க்கு மாறினால் இடம் பாதியாகும். ஆனால் சுமார் 7 இலக்கத் துல்லியம்தான் கிடைக்கும். 1,67,77,216-உடன் 1-ஐக் கூட்டினால் அதே எண்தான் திரும்ப வரும்! அதனால் தரவை ஃப்ளோட்32-இல் வைத்துக்கொண்டு, கூட்டுத்தொகையை மட்டும் ஃப்ளோட்64-இல் எடுப்பது நல்லது. வகையை அணி உருவாக்கும்போதே குறிப்பிடுங்கள். பிறகு ‘ஆஸ்டைப்’ (astype) போட்டு வகையை மாற்றினால் பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே இருக்கும். 20-உம் 10-உம் சேர்ந்து 30 ஜிபி.

படி 3: நகல்களைத் தேடுங்கள்

பெரும்பாலும் கோளாறு இங்கேதான். உங்கள் அணி 6 ஜிபி, ரேம் 8 ஜிபி என்று வையுங்கள். ‘அ = அ * 2’ என்று எழுதினால், விடைக்கு இன்னொரு 6 ஜிபி ஒதுக்கிக் கணக்கை முடித்த பிறகுதான் பழைய அணி விடுபடும். உச்சத்தில் 12 ஜிபி வேண்டும். ‘அ *= 2’ என்றால் இருந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும்.

அ[0:1000] என்று வெட்டினால் நகல் உருவாகாது, அதே நினைவகத்தைத்தான் பார்க்கிறீர்கள். அதில் கைவைத்தால் மூல அணியும் மாறும், கவனம். ஆனால் அ[அ > 0] என்று நிபந்தனை போட்டுத் தேர்ந்தெடுத்தால் நகல்தான்.

படி 4: துண்டு துண்டாகப் படியுங்கள்

இவ்வளவு செய்தும் அடங்கவில்லையா? சரி, கோப்பு வட்டிலேயே இருக்கட்டும். நம்பை அணியைச் சேமித்து வைக்கும் என்பிஒய் (.npy) கோப்பை ‘லோட்’ (load) செய்யும்போது ‘எம்மேப்_மோட்’ (mmap_mode) என்பதற்கு ‘ஆர்’ (r, படிக்க மட்டும்) கொடுங்கள். அப்புறம் ஆயிரம் ஆயிரம் வரிசையாக எடுங்கள். முதல் படியில் பார்த்த அணியில் ஒரு துண்டு 400 எம்பிதான். சராசரிக்குக் கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் போதும். இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) மட்டும் இப்படித் துண்டுகளிலிருந்து நேரடியாகச் சேர்த்துவிட முடியாது.

துண்டு வரிசைவாரியாகவே இருக்கட்டும். நம்பை வழக்கமாக வரிசைகளை அடுத்தடுத்து எழுதுவதால், ஒரே ஒரு நெடுவரிசையைக் கேட்டாலும் கோப்பு முழுக்க அங்கங்கே தாவித் தாவிப் படிக்க வேண்டியிருக்கும்.