தனி ஆளாகச் சிறு பாய்மரப் படகைச் செலுத்துவது: தொடங்குகிறவருக்கு ஒரு வழிகாட்டி

சிறு பாய்மரப் படகில் தனியாக ஏறுகிறவருக்கு, கரையை விட்ட கணமே இரண்டு கைகளுக்கும் வேலை வந்துவிடுகிறது. ஒரு கை சுக்கானின் பிடியான டில்லரில் இருக்க வேண்டும். மறு கை பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் மெயின்ஷீட் கயிற்றில் இருக்க வேண்டும். படகு சாயாமல் இருக்க, உடல் எடை முழுவதும் காற்று வரும் பக்கத்து விளிம்பில் அமர வேண்டும். முடிச்சு சிக்கிக்கொண்டாலும், தொப்பி பறந்தாலும், எதிரே இன்னொரு படகு வந்தாலும் உதவிக்கு மூன்றாவது கை கிடையாது. ஆகவே தனியாகப் படகு செலுத்தப் பழகுவதில் பெரும்பகுதி, எதை எப்போது விட்டுவிடலாம் என்று அறிவதில்தான் அடங்கியிருக்கிறது.

1895 முதல் 1898 வரை உலகைத் தனியாகச் சுற்றிவந்த முதல் மனிதரான ஜோஷுவா ஸ்லோகம், தம் ‘ஸ்ப்ரே’ படகின் சுக்கானைக் கட்டிவைத்துவிட்டு வேறு வேலைகளைப் பார்த்ததாகச் சொல்வார்கள். அது சுமார் 11 மீட்டர் நீளமுள்ள, கனமான படகு. நாம் பேசும் படகு 4 மீட்டர் நீளமுள்ளது. அதில் சுமையும் நாமே, எதிர்ச்சுமையும் நாமே என்பதால் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

பழகுவதற்கு ஒரே பாய் உள்ள படகே போதும். உலகெங்கும் பரவலாகக் கிடைப்பது ஐஎல்சிஏ. 2019 வரை ‘லேசர்’ என்ற பெயரில் அறியப்பட்ட அதே படகு. நீளம் 4.23 மீட்டர், உடற்பகுதியின் எடை சுமார் 59 கிலோ. ஒரே உடற்பகுதியில் 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என்று மூன்று அளவுப் பாய்களை மாற்றிப் பொருத்தலாம் என்பதுதான் தொடங்குகிறவருக்கு அதன் பெரிய நன்மை. ஆர்வத்தில் பெரிய பாயைக் கேட்டு வாங்காதீர்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 5 நாட் காற்று 10 நாட் ஆகும்போது பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பியூஃபோர்ட் அளவுகோலில் 2, 3 ஆகிய எண்களுக்குரிய காற்று, அதாவது 4 முதல் 10 நாட் வரை, முதல் சில நாட்களுக்கு ஏற்றது. அலைகளின் தலையில் ஆங்காங்கே வெண்ணுரை தெரியத் தொடங்கினால் அந்த எல்லையை எட்டிவிட்டது என்று பொருள். பார்க்கும் இடமெல்லாம் வெண்ணுரையாக இருந்தால் அன்று கரையில் உட்கார்ந்து முடிச்சு போட்டுப் பழகுவதே மேல். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்ற அறிவுரை நெல் தூற்றுகிறவருக்குச் சொன்னது, நமக்கன்று.

காற்றின் வேகத்தைவிட முக்கியமானது அதன் திசை. கரையிலிருந்து நீர்ப்பரப்பை நோக்கி வீசும் காற்றுதான் தொடங்குகிறவரை அதிகம் ஏமாற்றுவது. கரையோரத்தில் மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால் நீர் கண்ணாடிபோல் தெரியும். ஐந்நூறு மீட்டர் போனதும் காற்று முழு பலத்துடன் பிடிக்கும். திரும்பி வருவதோ காற்றுக்கு எதிரான பயணமாக இருக்கும். கரைக்கு இணையாக வீசும் காற்றே பழகுவதற்குச் சிறந்தது. காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு போகலாம், அதேபோல் திரும்பலாம். நீரோட்டம் அல்லது ஓதம் உள்ள இடமாக இருந்தால், அது எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

உடை, உபகரணம் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. மிதவைச் சட்டையைக் கரையிலேயே அணிந்து இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். விசில், நீர்புகா உறையில் கைபேசி, எளிதில் எடுக்கக்கூடிய சிறு கத்தி ஆகியவை உடலோடு இருக்கட்டும். படகில் வைத்த பொருள் படகோடு போய்விடும். நீர் குளிராக இருந்தால் காற்றின் வெப்பத்தைப் பார்க்காமல் நீரின் வெப்பத்தைப் பார்த்து உடுத்துங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

படகைத் தயார் செய்யும்போது அதன் முன்முனை காற்றை நோக்கியே இருக்க வேண்டும். அப்போது பாய் கொடிபோல் படபடக்குமே தவிர, காற்றை நிரப்பிக்கொண்டு படகைத் தள்ளுவண்டியிலிருந்து கவிழ்க்காது. மெயின்ஷீட்டின் நுனியில் எட்டு வடிவ முடிச்சு போட மறக்கக் கூடாது; அது இல்லாவிட்டால் கையை விட்ட கயிறு கப்பிகள் வழியாக முழுவதும் உருவிப் போய்விடும். கடைசியாக, படகின் பின்பக்கத்தில் நீர் வடியும் துளைக்கான தக்கையைத் திருகி மூடியிருக்கிறோமா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தது போதும் என்று நான் ஒருமுறை புறப்பட்டுப் போய், அரை மணி நேரம் கழித்து, படகு ஏன் சேற்றில் நடக்கும் எருமைபோல் அசைகிறது என்று யோசித்தபடி உள்ளே சலசலக்கும் நீரின் ஓசையைக் கேட்டேன். தக்கை என் சட்டைப் பையில் இருந்தது.

நீரில் இறங்கியதும் முதலில் பழக வேண்டியது ஓட்டுவது அன்று, நிறுத்துவது. காற்று பக்கவாட்டில் சற்று முன்புறமாக, முன்முனையிலிருந்து ஏறத்தாழ 60 பாகையில் வருமாறு படகை வைத்து, மெயின்ஷீட்டை முழுவதும் தளர்த்திவிடுங்கள். பாய் காற்று போகும் பக்கம் விலகிப் படபடக்கும். விசை இழந்த படகு தானாக நின்று, மெல்லப் பக்கவாட்டில் நகரும். இந்த நிலையில் மூச்சு வாங்கலாம், சிக்கலை அவிழ்க்கலாம், அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கலாம். பிறகு கயிற்றைச் சிறிது இழுங்கள், படகு நகரும். விட்டுவிடுங்கள்; நிற்கும். இதைப் பத்து முறையாவது செய்து பார்த்தால், பயம் வரும்போது கயிற்றை இறுகப் பிடிக்கும் மனித இயல்பு மாறி, பயம் வந்தால் கயிற்றை விடும் பழக்கம் கைக்கு வந்துவிடும். இதே காரணத்துக்காக மெயின்ஷீட்டை எங்கும் கட்டிவைக்கவோ, கையில் சுற்றிக்கொள்ளவோ கூடாது.

டில்லர் முதலில் குழப்பும். அதைத் தள்ளும் திசைக்கு எதிர்த் திசையில் படகு திரும்புகிறது. இடம் வலம் என்று நினைவு வைப்பதைவிட, பாயை வைத்து நினைவு வைப்பது எளிது: டில்லரைப் பாய் இருக்கும் பக்கம் தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பும், பாயிலிருந்து விலக்கி உங்கள் பக்கம் இழுத்தால் காற்றை விட்டு விலகும். பாயின் இழுவைக்கும் ஓர் எளிய வழி உண்டு. பாயின் முன்விளிம்பு நடுங்கத் தொடங்கும்வரை கயிற்றைத் தளர்த்துங்கள்; நடுக்கம் நிற்கும் அளவுக்கு மட்டும் மீண்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் படகு சாயுமே தவிர வேகம் கூடாது. புதிதாக வருகிறவர்களில் அநேகமாக எல்லோரும் பாயைத் தேவைக்கு மேல் இழுத்தே வைத்திருக்கிறார்கள் என்பது நான் பார்த்தவரையில் உள்ள உண்மை.

எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிராக ஓடாது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை வரை ஓட முடியாத பகுதி. அந்தத் திசையில் ஓர் இடத்தை அடைய வேண்டுமானால், ஒருமுறை இடச்சாய்வாகவும் ஒருமுறை வலச்சாய்வாகவும் ஏறுவழிச் சாலைபோல் வளைந்து வளைந்து போக வேண்டும். முன்முனையைக் காற்றின் குறுக்கே கொண்டுசென்று பாயைப் பக்கம் மாற்றும் இந்தத் திருப்பத்துக்கு டேக்கிங் என்று பெயர். தனி ஆளின் கைகள் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது. நீங்கள் வல விளிம்பில் உள்நோக்கி அமர்ந்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். முன்கையான வலக்கையில் மெயின்ஷீட், பின்கையான இடக்கையில் டில்லரின் நீட்டுக்கோல். முதலில் படகுக்கு வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். வேகமில்லாத படகு பாதியில் நின்றுவிடும். திரும்பப் போகும் பக்கம் வேறு படகு வருகிறதா என்று தோளுக்குப் பின்னால் பாருங்கள். டில்லரைப் பாய் இருக்கும் பக்கம் நிதானமாகத் தள்ளுங்கள். வெடுக்கென்று தள்ளினால் சுக்கான் தடுப்புச்சுவராகி வேகத்தைத் தின்றுவிடும். பாயின் அடியில் இருக்கும் பூம் என்னும் தடி நடுவுக்கு வரும்போது தலையைக் குனிந்து, முகம் முன்முனையைப் பார்த்தபடியே மறுபக்கம் கடந்து அமருங்கள். இப்போது இடக்கை முதுகுக்குப் பின்னால் டில்லரைப் பிடித்திருக்கும், வலக்கையில் கயிறு இருக்கும். கைகளை மாற்ற அவசரப்படாமல், அந்த விநோதமான நிலையிலேயே டில்லரை நடுவுக்குக் கொண்டுவந்து படகை நேராக்குங்கள். பிறகு கயிற்றோடு சேர்த்தே வலக்கையைப் பின்னால் கொண்டுபோய் நீட்டுக்கோலைப் பிடித்து, விடுபட்ட இடக்கையால் கயிற்றை வாங்கிக்கொள்ளுங்கள். கரையில், வீட்டு முற்றத்தில், ஒரு குச்சியையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு இதை நூறு முறை செய்து பார்க்கலாம். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

திருப்பம் பாதியில் நின்று, முன்முனை காற்றைப் பார்த்தபடி படகு அசையாமல் கிடந்தால் கலங்க வேண்டியதில்லை. பூமையும் டில்லரையும் உங்களிடமிருந்து அப்பால், ஒரே பக்கம் தள்ளிப் பிடியுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து, மெல்லத் திரும்பும். காற்று பக்கவாட்டில் படத் தொடங்கியதும் பூமை விட்டுவிட்டு, டில்லரை நடுவுக்குக் கொண்டுவந்து, கயிற்றை இழுத்தால் ஓட்டம் பிடிக்கும்.

காற்று பின்னாலிருந்து வரும்போது செய்யும் திருப்பம் ஜைபிங். அதில் பூம் மெதுவாகக் கடக்காது; முழு விசையோடு வீசியடிக்கும். தலையில் படும் அடியும் திடீர்க் கவிழ்வும் பெரும்பாலும் இதில்தான் நேர்கின்றன. முதல் சில வாரங்களுக்கு இதைத் தவிர்த்து, காற்றை நோக்கி நீண்ட வட்டமாகத் திரும்பி டேக்கிங் மூலமே திசை மாற்றுவதில் எந்தக் குறைவும் இல்லை. காற்று நேர் பின்னால் இருக்குமாறு ஓட்டாமல், சற்றுப் பக்கமாக வைத்து ஓட்டினால் பூம் தானாகக் கடந்துவரும் ஆபத்தும் குறையும்.

படகின் நடுவே நீருக்குள் இறங்கும் டாகர்போர்டு என்னும் பலகை, படகு பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுக்கிறது. காற்றை எதிர்த்து ஏறும்போது முழுவதும் கீழே, காற்று பக்கவாட்டில் இருக்கும்போது ஏறத்தாழ பாதி, பின்காற்றில் பெரும்பகுதி மேலே என்று வைத்துக்கொள்ளலாம். நீர்ப்பரப்பில் கருமையான திட்டு ஒன்று உங்களை நோக்கி நகர்ந்து வந்தால் அது வலுத்த காற்றின் அடையாளம். அது தொடும் முன்பே கால்களைப் படகின் உட்தளத்தில் இருக்கும் பட்டையில் மாட்டி உடலை வெளியே சாய்த்து, கயிற்றை ஒரு முழம் தளர்த்தத் தயாராக இருங்கள். காற்றை எதிர்த்து ஏறும்போதானால், டில்லரைச் சற்றுத் தள்ளிப் படகைக் காற்றை நோக்கித் திருப்புவதும் உதவும்.

கவிழ்வது நடக்கும், அதை முதல் நாளே ஆள் துணையோடு வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகிவிடுவது நல்லது. நீரில் விழுந்ததும் முதல் வேலை, படகை விடாமல் பிடிப்பது. ஆளில்லாத படகு காற்றில் நகரும் வேகத்துக்கு நீந்திப் பிடிப்பது கடினம். மெயின்ஷீட்டைப் பிடித்தபடி பின்பக்கமாகச் சுற்றி, அடிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் டாகர்போர்டை அடையுங்கள். கயிறு எங்கும் சிக்காமல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இறுகிய பாயோடு நிமிரும் படகு காற்றை வாங்கி மறுபடியும் கவிழும். பிறகு பலகையின் மேல், அது உடற்பகுதியோடு சேரும் இடத்துக்கு அருகில் ஏறி, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பலத்தால் இழுக்க முயல வேண்டாம். நீர் பாயிலிருந்து வழிய நேரம் எடுக்கும். பாய்மரம் நீரை விட்டு மேலெழுந்ததும் படகு சட்டென்று நிமிரும். படகு முழுவதும் தலைகீழாகிவிட்டால் இதே முறைதான், பொறுமை மட்டும் அதிகம் வேண்டும். மூன்று முறை முயன்றும் முடியாவிட்டால் படகின் மேல் ஏறி அமர்ந்து விசில் ஊதுங்கள்; எந்த நிலையிலும் படகை விட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது.

பிற படகுகளிடம் வழிவிடும் முறையை 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் வகுத்திருக்கின்றன. இரண்டு பாய்மரப் படகுகள் நெருங்கும்போது, இடப்பக்கத்தில் காற்றை வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கம் காற்று என்றால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது வழிவிட வேண்டும். முந்திச் செல்கிறவர் யாராக இருந்தாலும் விலகியே போக வேண்டும். குறுகிய கால்வாயில் மட்டுமே செல்லக்கூடிய பெரிய கப்பலுக்குப் பாய்மரப் படகு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. அத்தகைய பாதையின் பக்கமே போகாமல் இருப்பது தொடங்குகிறவருக்கு இன்னும் நல்லது.

புறப்பட்டதும் முதலில் காற்றை எதிர்க்கும் பக்கமாக ஏறிவிட்டு, பிறகு அங்கிருந்து பழகத் தொடங்குங்கள். களைத்துப்போகும் நேரத்தில் காற்றே கரைப்பக்கம் கொண்டுவரும். களைப்பு வரும் முன்பே திரும்புவது நன்று, ஏனெனில் கரை சேர்வதற்கும் கவனம் வேண்டும். ஆழம் குறையும்போது டாகர்போர்டையும் சுக்கானையும் உயர்த்த வேண்டும். இடுப்பளவு நீரில் படகைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்தி, காற்று வரும் பக்கமாக இறங்கி, முன்முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கரைக்கும் படகுக்கும் நடுவில் நின்றால் ஓர் அலை போதும், படகு கால்களின் மேல் ஏறிவிடும். தள்ளுவண்டியில் ஏற்றிய பின் தக்கையைத் திறந்து, உள்ளே எவ்வளவு நீர் புகுந்திருக்கிறது என்று பாருங்கள். ஓரிரு குவளைக்கு மேல் வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. உப்புநீரில் ஓட்டியிருந்தால் கப்பிகளையும் கயிறுகளையும் நன்னீரால் கழுவுங்கள். அதற்கெல்லாம் முன்பாக, புறப்படும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்களோ அவரிடம், திரும்பி வந்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.