குளத்து நீரை அளந்து விதைப்பது போல நேரத்தைப் பங்கிடுதல்

சிறுபோகம் எனும் கோடை நெற்செய்கைக்கு முன், வன்னியின் இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களுக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும்போது, குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதே முதலில் பார்க்கப்படுகிறது. 36 அடி கொள்ளும் இரணைமடுவில் நீர் குறைந்திருந்தால் விதைக்கும் ஏக்கரும் குறைகிறது. அன்றாட வேலைகளுக்கும், சொந்த விருப்பங்களுக்கும், ஐந்தாண்டுக்குப் பின் எட்ட நினைக்கும் இலக்குக்கும் நேரத்தைப் பங்கிட விரும்புபவரும் இந்த ஒழுங்கையே பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் இருக்கும் நேரத்தை அளக்க வேண்டும். ஆசைகளை அதன் பிறகே எழுத வேண்டும்.

அளப்பதற்கு ஒரு வாரமும் ஒரு 40 பக்கக் கொப்பியும் போதும். எந்த வேலையை எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள் என்பதை அவ்வப்போது குறித்து வாருங்கள். அந்த வாரத்தில் எந்தப் பழக்கத்தையும் மாற்ற வேண்டாம். நான் வெளிவாரிப் பட்டப்படிப்பைத் தொடங்கிய ஆண்டில் இதைச் செய்யாமலே, நாளுக்கு இரண்டு மணி நேரம் படிப்பதென்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் வாரத்திலேயே அது குலைந்துபோனது. பின்னர் அளந்து எழுதிய பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது: 4.50 மாடு கறத்தல், 5.40 பால் கொடுக்கச் சைக்கிளில் போதல், 6.15 சமையல், 7.00 பிள்ளைகளைப் பாடசாலையில் விடுதல் என்று நீண்டு, எனக்கென எஞ்சியது இரவு 8.15 முதல் 9.00 வரை, அதுவும் வாரத்தில் நான்கு நாள். நான் திட்டமிட்டது பதினான்கு மணி நேரம். கையில் இருந்தது மூன்று. அந்த மூன்றுக்கேற்ப இரண்டு பாடங்களை மட்டும் எடுத்த பிறகே படிப்பு நகர்ந்தது.

எஞ்சிய நேரத்தைக் கொஞ்சம் கூட்டவும் வழியுண்டு. மாடு கறப்பதையும் பாடசாலை நேரத்தையும் தள்ளிப்போட முடியாது. ஆனால் வங்கி, பிரதேச செயலகம், மருந்து, உரம் போன்றவற்றுக்காக உள்கிராமத்திலிருந்து கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ தனித்தனியே போய்வந்தால் ஒவ்வொரு முறையும் அரை நாள் பேருந்திலேயே கழிகிறது. அவற்றை ஒரே பயணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நேரம் எது என்பதை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். நான் சொன்ன அன்றிரவே மாமி பிள்ளைகளைத் தன் பாயில் படுக்கவைத்துக் கதை சொல்லத் தொடங்கினார். அதுவரை கேட்காமல் இருந்தது என் தவறு.

நெடுங்கால இலக்கை ஒரு போகத்துக்குள் அடங்கும் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றரை மாத நெல்லுக்கு ஏறத்தாழ 105 நாள்; அவ்வளவு நாளில் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றாக அது இருக்கட்டும். தையற்கடை வைப்பது இலக்கானால், இந்தப் போகத்தில் பாடசாலைச் சீருடையைப் பிழையின்றி வெட்டப் பழகுவது ஒரு துண்டு. ஒரு போகத்துக்கு ஒன்றே போதும். வயல் செய்யும் குடும்பங்கள் காலபோக (மாரி நெற்செய்கை) விதைப்பு நாட்களிலும் தை, மாசி அறுவடையிலும் புதிதாக எதையும் தொடங்காமல் இருப்பது நல்லது.

துருசு எனும் குளத்து மதகின் மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் வாய்க்காலுக்கு வருவதில்லை; அது குளத்திலேயே நிற்கும். அதுபோல வாரத்தில் ஒரு மாலையை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். சாவீடு, அதன் எட்டாம் நாள், அந்தியேட்டிச் சடங்குகள், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் ஆகியவை நம் நாட்குறிப்பைக் கேட்டு வருவதில்லை. அவற்றை இடையூறாக எண்ணவும் கூடாது. போருக்குப் பின் மீள்குடியேறிய காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த எங்களுக்குக் கிணறு இறைக்கவும் கூரை போடவும் வந்தவர்களின் வீட்டுக்குத்தான் இன்று நாம் போகிறோம்.

மாதந்தோறும் வரும் போயா (பௌர்ணமி) விடுமுறையில் கொப்பியைத் திறந்து மீண்டும் அளந்து பாருங்கள். தவறிய மணிகளை அடுத்த வாரத்தில் இரட்டிப்பாக்கி ஈடுசெய்ய முயல வேண்டாம். அந்த முயற்சியில் உறக்கமே முதலில் பறிபோகும். பிள்ளையின் காய்ச்சலாலோ அடைமழையாலோ மூன்று மணி நேரம் ஒன்றரையாகச் சுருங்கியிருந்தால், அந்த மாதத்துக்கு ஒரு பாடத்தை மூடிவைத்துவிட்டு மற்றதை மட்டும் தொடருங்கள்.