பூட்டிய கதவுக்குள் எந்தப் பிள்ளையும் ஆறுவதில்லை: விசேட கல்வி வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் விசேட கல்வி அலகுகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களைப் பார்க்கிறேன். எங்கள் காலத்துப் பிழைகளே திரும்ப நடக்கின்றன. அடிக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்; அதைத் தடுக்கும் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கையும் இருக்கிறது. இங்கே எழுதுவது அடிக்காமலே செய்யும் பிழைகளைப் பற்றி.

அறைக்குள் விட்டுப் பூட்டுவது

இதைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பிள்ளை கத்துகிறது, கொப்பியைக் கிழிக்கிறது. பக்கத்தில் விளையாட்டுச் சாமான் அறை. உள்ளே விட்டுக் கொண்டியைப் போட்டுவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நிற்கும். "பாருங்கோ, அடங்கிட்டான்" என்பார்கள். அவன் களைத்திருப்பான், இல்லாவிட்டால் பயந்திருப்பான்.

பேச்சு வராத, ஆட்டிசம் உள்ள ஒரு பெடியன். இடைவேளை நெருங்கினால் கையைக் கடிப்பான், மேசையைத் தள்ளுவான். உடனே பூட்டு. ஒருநாள் கதவைத் திறந்தபோது பந்துச் சாக்குக்குப் பின்னால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். அந்தக் கைகளைக் கண்டபிறகுதான் மணி ஞாபகம் வந்தது. வகுப்பு யன்னலுக்கு நேரே மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு! மணியடிக்கும் மாணவன் முற்றத்தைக் கடப்பதைக் கண்டதுமே இவனுக்குத் தொடங்கிவிடும். மணிக்கு முன்பே மைதானத்தின் மறுகோடிக்குக் கூட்டிப்போகத் தொடங்கினார்கள், கடிப்பது குறைந்தது. அதுவரை யாரும் கத்தலுக்கு முன் நடந்ததைப் பார்க்கவில்லை.

எழுத்து வேலைக்குப் பயந்து கத்தும் பிள்ளையைப் பூட்டினால் இன்னும் மோசம். கத்தினால் எழுதத் தேவையில்லை என்று நாமே படிப்பிக்கிறோம். நாளைக்கு இன்னும் பலமாகக் கத்தும்.

ஒரு கொப்பி போடுங்கள். எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு யார் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். அமெரிக்காவில் அரச பாடசாலைகள், எத்தனை பிள்ளைகளைப் பிடித்து அடக்கினார்கள், எத்தனை பேரைத் தனியே அடைத்தார்கள் என்று அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். 2017-18 கல்வியாண்டில் அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்கள் மொத்தத்தில் 13 வீதம். ஆனால் உடலைப் பிடித்து அடக்கப்பட்டவர்களில் 80 வீதமும், தனியே அடைக்கப்பட்டவர்களில் 77 வீதமும் அவர்கள்தான். எழுதிவைத்ததால்தான் இது வெளியே தெரிந்தது.

சரி, ஆறுவதற்கு ஓர் இடம் வேண்டுமா? ஒரு மூலையில் பாய் விரியுங்கள். கதவு திறந்திருக்கட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், பிள்ளை நினைத்தபோது எழும்பிப் போகட்டும். அது முடியாத இடத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் அது அடைப்புத்தான்.

கதிரையோடு கட்டுவது

சக்கர நாற்காலியின் பட்டி உடம்பை நிமிர்த்தி வைப்பதற்கு. நடக்கக்கூடிய பிள்ளையைச் சால்வையால் கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

குப்புறப் போட்டு அமுக்குவது

மூச்சு நின்றுவிடலாம். ஒருபோதும் வேண்டாம்.

பணியும்வரை பிடித்திருப்பது

ஏ9 வீதிக்கு ஓடும் பிள்ளையைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆபத்து நீங்கியதும் கையை எடுங்கள். அதற்கு மேல் பிடித்திருந்தால் அது தண்டனை.

வீட்டுக்குச் சொல்லாமல் விடுவது

பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே பெரிய காரியம் என்று நினைக்கும் தாய்மார் எங்கள் பக்கம் நிறையப் பேர். "ரீச்சருக்குத் தெரியும்தானே" என்று விட்டுவிடுவார்கள். அதைச் சம்மதமாக எடுக்காதீர்கள். பேச்சு வராத பிள்ளை வீட்டில் போய் எதையும் சொல்லப்போவதில்லை. என்ன நடந்தது, எவ்வளவு நேரம், யார் நின்றார்கள் என்று அன்றைக்கே சொல்லுங்கள். வீட்டில் எதற்குப் பதறுவான், எதைக் கொடுத்தால் ஆறுவான் என்று அம்மாவிடம் கேட்டு, அதையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.