தண்ணி மேல் எழுத்தா, டிஸ்க் மேல் எழுத்தா? எம்சிங்க் பழகலாம்

மண்டபத்தில் மாமா நண்டும் கணவாயும் எடுக்கிறார். கரைக்கு வரும் வல்லங்களின் எடையைக் குறித்துவைக்க, சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் கச்சான் காற்றில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது கடைசி நாலைந்து எடைகளைக் காணோம். "ஏன் மருமகனே, தண்ணி மேலயா எழுதுன?" என்றார்.

கிட்டத்தட்ட அதேதான். என் நிரல் கோப்பை எம்மேப் செய்து, அதாவது நினைவகத்தோடு இணைத்து எழுதுகிறது. அப்படி எழுதுவது முதலில் நினைவகப் பக்கத்தில்தான் (நினைவகத்தின் ஒரு துண்டு) விழும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை 'அழுக்குப் பக்கம்' என்று குறித்துக்கொண்டு, வழக்கமான அமைப்பில் சுமார் 30 விநாடி கழித்தே டிஸ்குக்கு அனுப்பும். நிரல் மட்டும் செத்தால் பயமில்லை, பக்கம் கெர்னலிடம் இருக்கும். கரண்ட் போனால்தான் வினை.

அந்தப் பக்கத்தை உடனே டிஸ்குக்கு எழுதவைக்கும் அழைப்புதான் எம்சிங்க். சரி, செய்வோம்.

1. கோப்பைத் திறந்ததும், கோப்பின் நீளத்தை அமைக்கும் எஃப்டிரங்கேட் மூலம் அளவு கொடுங்கள். ஒரு பதிவுக்கு 64 பைட், 1024 பதிவுக்கு 65536. காலிக் கோப்பை மேப் செய்து தொட்டால் சிக்பஸ் என்ற பிழைச் சமிக்ஞை வந்து நிரல் விழும்.

2. எம்மேப்பில் மேப்_ஷேர்டு கொடுங்கள், எழுதுவது கோப்புக்கே போகும். மேப்_பிரைவேட் கொடுத்தால் தனி நகலில்தான் எழுதும், எத்தனை முறை சிங்க் செய்தாலும் கோப்புக்கு ஒன்றும் போகாது.

3. பதிவை எழுதியதும் எம்சிங்க். புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: தொடக்க முகவரி பக்க எல்லையில் இருக்கவேண்டும். 79-வது பதிவு, முன்னால் 78 பதிவுகள் இருப்பதால், 4992-ம் பைட்டில் தொடங்குகிறது. அதை அப்படியே கொடுத்தால் ஈஇன்வால் (தவறான மதிப்பு) பிழை. பக்கம் 4096 பைட் என்றால் அந்த எல்லைக்குப் பின்வாங்குங்கள். இடைவெளி 896, பதிவு 64, ஆக நீளம் 960:

எம்சிங்க்(தளம் + 4096, 960, எம்எஸ்_சிங்க்)

இதில் தளம் என்பது எம்மேப் தந்த தொடக்க முகவரி; எம்எஸ்_சிங்க் என்றால் எழுதி முடியும்வரை காத்திரு என்று பொருள். 4096 என்று நிரலில் அடித்துவைக்காமல், கணினியின் அமைப்பு விவரம் தரும் சிஸ்கான்ஃபிடம் பக்க அளவைக் கேட்பது நல்லது. காத்திருக்காமல் திரும்பும் எம்எஸ்_ஏசிங்க் வேகமாயிற்றே என்று ஆசைப்படாதீர்கள், லினக்ஸ் 2.6.19 முதல் அது உண்மையில் ஒரு வேலையும் செய்வதில்லை. நான் போட்டிருந்தது அதைத்தான்.

4. திரும்பி வரும் மதிப்பைப் பாருங்கள். 0 என்றால் சரி. -1 வந்து பிழை ஈஐஓ (உள்ளீடு-வெளியீட்டுப் பிழை) என்றால் டிஸ்கே எழுத மறுக்கிறது.

எம்அன்மேப் செய்தால், அதாவது இணைப்பைக் கழற்றினால், போதாதா என்று கேட்பார்கள். போதாது, அது டிஸ்குக்காகக் காத்திருக்காது.

இப்போது 0 வந்த பிறகுதான் திரையில் 'எடை ஏறியது' என்று காட்டுகிறேன். அதைப் பார்க்காமல் மாமா கூடையை ஐஸ் பெட்டிப் பக்கம் நகர்த்த விடுவதில்லை.