மறதிநோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்பவர்கள் தங்களுக்கே செய்துகொள்ளும் தவறுகள்

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும். அம்மா இரண்டு சேலையை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்பார். "ஏட்டி, கடைசி பஸ் போயிரும். அப்பா தேடுவாக" என்பார். அவருடைய அப்பா இறந்து 40 வருடம் தாண்டிவிட்டது. "இதுதாம்மா நம்ம வீடு. தாத்தா செத்து எத்தனையோ வருசமாச்சு" என்று நான் தினமும் சொன்னேன். அந்தச் சாவை அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல அம்மா தினமும் அழுதார். அப்புறம் அடுக்களையில் நின்று நான் அழுவேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் இப்படியே ஓடியது.

அப்படி வாதாடியதைத்தான் என் முதல் தவறாகச் சொல்வேன். நோயாளியைவிட நம்மை அதிகம் உருக்குலைப்பது இதுதான். அல்சைமர் வகை மறதிநோயில் முதலில் அடிவாங்குவது மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி. நாம் சொல்லும் பதில் அங்கே தங்காது. ஆனால் சொன்ன விஷயம் மறந்த பிறகும், அது கிளப்பிவிட்ட பயமும் துக்கமும் நெடுநேரம் தங்கிவிடும். ஆகவே இருபது முறை விளக்கினால் இருபது முறையும் தோற்பது நாம்தான். பிற்பாடு நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: "சரிம்மா, காபி குடிச்சிட்டுப் போவோம்." பையை நான் வாங்கிக்கொள்வேன். தெருமுனைப் பிள்ளையார் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வருவோம். பெற்ற தாயிடம் பொய் சொல்வதா என்று மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அம்மா கேட்டது பஸ்ஸை அல்ல, பயமில்லாத ஓர் இடத்தை. அது புரிந்த பிறகு உறுத்தல் போய்விட்டது.

இடையில் ஒன்று. குழப்பம் ஒன்றிரண்டு நாளில் திடீரென்று கூடினால் "நோய் முத்திருச்சு" என்று இடிந்துபோகாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புதிதாகச் சேர்த்த மாத்திரை எல்லாமே இப்படிச் செய்யும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, வரும் கோபத்தைப் பாவம் என்று நினைத்து மறைப்பது. குளிக்கவைக்கும்போது அம்மா சொம்பால் என் நெற்றியில் அடித்தார். அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். விட்டபோது என் நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அன்று ராத்திரி அந்தத் தடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தூக்கம் கெட்ட உடம்பு, ஓய்வில்லாத மாதங்கள், வேறு ஆளே இல்லாத வீடு, இவை ஒன்று சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட பொறுமைசாலியும் ஒருநாள் உடைவார். கை ஓங்கிவிட்டோம், ஓங்கப் போகிறோம் என்று தெரிந்தால் அவரைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு, அடுப்பை அணைத்து, கேட்டைப் பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். குளியல் ஒருநாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. இறங்கி வந்ததும் யாருக்காவது போன் செய்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அது உங்கள் குணத்தில் இருக்கும் கோளாறு அல்ல. வேலை ஒரு ஆளால் தாங்கக்கூடியதைத் தாண்டிவிட்டது என்பதற்கான அடையாளம்.

எல்லாத் தவறுக்கும் வேர் அந்த "ஒரு ஆள்" என்பதில்தான் இருக்கிறது. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கிறது. உலகளவில் இவர்களைப் பராமரிக்கும் நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீடுகளில் அந்தப் பெண் யாரென்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: மருமகள், கல்யாணமாகாத மகள், இல்லையென்றால் தனக்கே சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற மனைவி. யாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. "அவதான் நல்லாப் பாத்துக்கிறா" என்ற பாராட்டோடு வேலை அவள் தலையில் இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வரும். அன்றைக்கென்று அம்மா தலையை ஒதுக்கிக்கொண்டு, "சாப்பிட்டியாப்பா, பேரன் எப்படி இருக்கான்?" என்று கச்சிதமாகப் பேசுவார். பேரன் பெயர் மட்டும் வராது, அதையும் சிரித்தே சமாளித்துவிடுவார். "அம்மா நல்லாத்தான இருக்காங்க, நீதான் பெரிசு பண்ற" என்பான் தம்பி. அவன் கெட்டவன் இல்லை. மறதிநோயின் முதல் கட்டங்களில் வெளியாட்கள் முன்னால் பத்துப் பதினைந்து நிமிடம் தம் கட்டிப் பேசிவிட முடியும், அதற்கான விலையை அப்புறம் ராத்திரி முழுக்க வீட்டில் இருப்பவர் கொடுப்பார். இதைத் தம்பிக்குப் போனில் எத்தனை முறை விளக்கியும் பயனில்லை. "மூணு நாள் வந்து நீ மட்டும் பாத்துக்கோ, நான் வெளியூர் போறேன்" என்றேன். இரண்டாம் நாள் காலையில் அவன் குரலே மாறியிருந்தது.

"கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்பதும் தவறுதான். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, கடைசியில் யாரும் செய்யவும் மாட்டார்கள். காரியத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாதத்தின் முதல் சனி, ஞாயிறு அண்ணன் முறை. ராத்திரி ஆள் போடும் சம்பளம் வெளிநாட்டில் இருப்பவர் பொறுப்பு. மாத்திரை வாங்குவது, பேங்க் வேலை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அக்கா பொறுப்பு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதை எழுதிப் போட்டுவிடுங்கள். வார்த்தையாகச் சொன்னது மறந்துபோகும், எழுதினால் நிற்கும். வருகிற ஆள் உங்களைப் போலவே சோறு ஊட்ட மாட்டார், புடவையைக் கோணலாகத்தான் கட்டிவிடுவார். விட்டுவிடுங்கள். "என்னைத் தவிர யாராலும் முடியாது" என்ற நினைப்பை நானும் பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

வெளியில் உதவி கேட்டால் குடும்ப மானம் போகும் என்று தயங்குபவர்களுக்காக இது. கோவாவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மறதிநோயாளிகள் இருக்கும் 81 குடும்பங்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு ஆறு மாதம் அனுப்பினார்கள். அவர்கள் செய்ததெல்லாம் நோயைப் பற்றிப் புரியவைத்தது, அடம், அலைச்சல் போன்றவற்றைக் கையாளச் சொல்லிக்கொடுத்தது, பார்த்துக்கொள்பவர் பேசுவதை உட்கார்ந்து கேட்டது. அவ்வளவுக்கே பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தேறியது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம், பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்தாருக்கான ஆலோசனையும் உண்டு. ஊரிலேயே வேண்டுமென்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சீட்டு உங்கள் பெயரில் போடுங்கள். அம்மா பெயரில் போட்டால் பேச்சு முழுக்க அம்மாவைப் பற்றியே முடிந்துவிடும்.

சொந்த மாத்திரையை மறப்பதும் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும் தியாகம் ஆகாது. பராமரிப்புச் சுமையால் நொந்திருந்த வயதான துணைவர்கள் நான்கு வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, அப்படிப் பராமரிக்கும் வேலை இல்லாத துணைவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்று 1999-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு கண்டது.

ஆள் உயிரோடு இருக்கும்போதே துக்கப்படலாமா என்று பலர் தங்களையே அடக்கிக்கொள்கிறார்கள். அம்மா ஒருநாள் என் கன்னத்தைத் தடவி, "நீ யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருப்ப" என்றார். எதிரில் உட்கார்ந்திருப்பவரையே இழப்பது ஒரு தனித் துக்கம். பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970-களிலேயே இதற்கென்று ஒரு பெயர் வைத்து ஆராய்ந்தார். சாவென்றால் ஊர் கூடி அழும், இதற்கு அப்படி யாரும் வருவதில்லை. அதனாலேயே ஒருவரிடமாவது வாய்விட்டு அழுதுவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டவில்லை, அம்மா தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது சோர்வு மட்டும் இல்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருந்தும் ஆலோசனையும் உண்டு. "நான் போய்ச் சேர்ந்தா நிம்மதி" என்றோ "அவங்களையும் கூட்டிட்டுப் போயிரலாம்" என்றோ தோன்றினால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் கடைசியாக ஒன்று. நாம் பார்த்துக்கொண்டவர் இறந்த அன்று துக்கத்தோடு ஒரு நிம்மதியும் வரும். அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். அந்த நிம்மதி அம்மாவின் வேதனை தீர்ந்ததற்கும் சேர்த்துத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள். எனக்கு மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துகொண்டே இருந்தது, அம்மாவைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகும் நேரம் அது. எழுந்து உட்கார்ந்து, போவதற்கு இடமில்லாமல் மறுபடி படுப்பேன். அதுவரை போய்க்கொண்டிருந்த ஆலோசகரிடம் போவதை அப்போது நிறுத்தத்தான் நினைத்தேன். தம்பி விடவில்லை. காரியத்துக்குப் பிறகு முதல் முறை அவனே வண்டியில் கூட்டிப்போய், பேசி முடிக்கும் வரை வெளியே உட்கார்ந்திருந்தான்.