ரோபோ போட்டி விதிகள்: டீமும் நடுவரும் சறுக்கும் இடங்கள்

“போன வருஷமும் இப்படித்தானே இருந்தது?” மாணவர் ரோபோ போட்டிகளில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இந்த நம்பிக்கைதான். ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெட்டிஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் பம்பர் (மோதலைத் தாங்கச் சுற்றிலும் கட்டும் மெத்தை), பேட்டரி நீங்கலாக ரோபோவின் எடை 125 பவுண்டு வரை இருக்கலாம் என்றிருந்தது. 2025-ல் அது 115 ஆனது. பழைய கணக்கை நம்பி வேலையைத் தொடங்கினால், போட்டியன்று எடைத்தட்டில் நின்ற பிறகு ட்ரில்லும் கையுமாக அலுமினியச் சட்டத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அங்கே ஒவ்வொரு ஜனவரியிலும் ஆட்டம் புதிது, விதிப்புத்தகமும் புதிது.

அடுத்தது, எழுதியதை விட்டுவிட்டு எழுதியவர் மனதைப் படிக்கப் பார்ப்பது. அந்தப் போட்டியின் விதிப்புத்தகம் இதை முதலிலேயே தீர்த்துவிடுகிறது: வாசகம் என்ன சொல்கிறதோ அதுதான், அவ்வளவுதான், மறைமுகமான தடை எதுவும் இல்லை. விதியின் தடித்த தலைப்பு வரியை மட்டும் படித்துவிட்டு வாதாடுபவர்கள் உண்டு. தலைப்பும் உள்வாசகமும் முரண்பட்டால் உள்வாசகமே செல்லும். நீலப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கங்களும் அப்படியே. அவை புரிவதற்காகத் தரப்பட்டவை, விதியோடு மோதினால் விதிதான் ஜெயிக்கும்.

சரி, வாசகத்தில் ஒரு சந்து கிடைத்துவிட்டது. அதைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை; கூர்ந்து படித்ததற்கான கூலி அது. ஆனால் ரகசியமாக வைத்திருந்து போட்டி நாளில் அவிழ்ப்பதில் ஆபத்து இருக்கிறது. நடுவர் வேறு மாதிரிப் படித்தால் அந்த இடத்தில் அவர் படித்ததுதான் நிற்கும். அதிகாரபூர்வ கேள்வி-பதிலில் முன்பே கேட்டுவிடுவது மேல். சீசன் நடுவில் வரும் திருத்த அறிவிப்புகளையும் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துப் படிக்க வேண்டும். பல டீம்களில் அந்த ஒருவர் இருப்பதே இல்லை.

அந்தப் போட்டியின் களத்தில் முறையிடுவதற்கும் ஒரு முறை உண்டு. மேட்ச் முடிந்ததும் டீமுக்கு வழிகாட்டும் மென்ட்டரோ யாராவது ஒருவரின் அப்பாவோ போனில் வீடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தலைமை நடுவர் அதைப் பார்க்கவே மாட்டார். பார்க்கக் கூடாது என்பதுதான் விதி. கேள்விக்கென ஒதுக்கிய கட்டத்தில் ஒரு மாணவர் மட்டும் போய் நிற்க வேண்டும். “எங்களை அநியாயமாக இடித்தார்கள்” என்றால் பேச்சு நகராது. மேட்ச் எண், விதி எண், அப்புறம் “அந்த ஃபவுல் எங்கள் அணிக்கு ஏன் வந்தது?” என்ற ஒரே கேள்வி. இதைப் பயிற்சி ஆட்டங்களிலேயே பழகிக்கொண்டால் நல்லது.

நடுவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரக்கத்தில். காலையில் சின்னப் பிள்ளைகள் என்று விட்டுக்கொடுத்த அதே செயலுக்கு, மாலை இறுதிச் சுற்றில் ஃபவுல் கொடுப்பார்கள். காலையில் எச்சரிக்கை வாங்காத டீமுக்கு அது தப்பென்று எப்படித் தெரியும்?

ஒரு லீக்கின் வழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதும் இதே ரகம். வெக்ஸ் என்ற இன்னொரு மாணவர் ரோபோ போட்டியில், ஒரு மீறல் மேட்சின் வெற்றி தோல்வியை மாற்றியதா என்று பார்ப்பது தீர்ப்பின் முக்கியமான பகுதி. இளைய மாணவர்கள் லெகோ ரோபோவை மேசைமேல் ஓட்டும் ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் தீர்மானிக்க முடியாத சந்தேகம் வந்தால் பலன் டீமுக்கு. இரண்டிலும் பழகிய தன்னார்வலர் எந்த மைதானத்தில் நிற்கிறோம் என்பதைக் காலையிலேயே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

லெகோ லீக் மேசையில் இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டரை நிமிட ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் ரோபோவை எடுக்கப் பாய்வார்கள். பெரும்பாலான மிஷன்களுக்கு, அதாவது ரோபோ செய்து முடிக்க வேண்டிய பணிகளுக்கு, மதிப்பெண் ஆட்டம் முடிந்த கணத்தில் மேசை இருக்கும் நிலையை வைத்துத்தான். ஒரு முழங்கை பட்டு மேசைமேல் இருக்கும் லெகோ மாடல் சாய்ந்தால் யார் சாய்த்தது என்ற வழக்கு ஆரம்பமாகிவிடும். “கையை எடுங்கள்” என்று நடுவர் உரக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மிஷனாக டீமோடு சேர்ந்து பார்த்து, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் மேசையைக் கலைக்க விட வேண்டும்.